குனிந்தவன் முகம்

பாரிஸ் மாநகரம். ஆண்டு 1838. நாடக அரங்குகள் நிறைந்த ஓர் அகன்ற வீதி. வண்டிகள் உருள்கின்றன, குதிரைகள் விரைகின்றன, சீமான்கள் உலவுகின்றனர், சிறு வணிகர் கூவுகின்றனர். அந்த வீதியை நோக்கிய உயர்ந்த மாடியொன்றின் சாளரத்தருகே ஒருவர் மரப்பெட்டி ஒன்றை நிறுத்துகிறார். பெட்டியின் முகத்தில் கண்ணாடி வில்லை. உள்ளே வெள்ளி பூசிய செப்புத் தகடு. மூடியைத் திறக்கிறார். காத்திருக்கிறார். நிமிடங்கள் நகர்கின்றன. மூடுகிறார். பிறகு அந்தத் தகட்டைப் பாதரச ஆவியில் காட்டுகிறார். வீதி, தகட்டிலே எழுகிறது!

அவர் பெயர் தாகேர். நாடகத் திரை தீட்டிப் பிழைத்த ஓவியர்.

தகட்டைப் பாருங்கள், தோழர்களே! கூரைகள் தெரிகின்றன, புகைபோக்கிகள் தெரிகின்றன, சாலையோர மரங்கள் வரிசையாய் நிற்கின்றன. கல்லும் மரமும் அத்தனை தெளிவு. மக்கள் எங்கே? வண்டி இல்லை, குதிரை இல்லை, வணிகர் இல்லை, கூட்டம் இல்லை. கொள்ளை நோய் கொண்டுபோன ஊர்போலக் கிடக்கிறது வீதி. மாயமா? மந்திரமா? இரண்டும் இல்லை. ஒளி தகட்டில் பதியப் பல நிமிடங்கள் வேண்டியிருந்த காலம் அது. அசையாதது பதிந்தது, அசைந்தது மறைந்தது. ஓடியவர், நடந்தவர், சுமந்தவர், விற்றவர் அனைவரும் தடமின்றிப் போயினர்.

ஒரே ஓர் இடம் மட்டும் விலக்கு. வீதியின் ஓரத்தில் ஒரு மனிதர் நிற்கிறார்; ஒரு காலைச் சற்றே தூக்கி வைத்திருக்கிறார். அவர் காலடியில் ஓர் உருவம் குனிந்திருக்கிறது. காலணிக்கு மெருகேற்றும் தொழிலாளி! மெருகேறும்வரை நின்றார் கனவான், ஆகவே பதிந்தார். நிழற்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதர் என்று வரலாற்று நூல்கள் அவரைத்தான் பெரும்பாலும் சுட்டுகின்றன. காலடியில் குனிந்திருந்தவன்? அவனும் அதே தகட்டில் இருக்கிறான். அவன் கைகள் அசைந்தன, உடல் ஆடியது, உருவம் கலங்கியது. உழைத்தான், ஆகவே மங்கினான்!

நிழற்படக் கலை பிறந்த கதையிலேயே இந்தப் பாடம் பொதிந்திருக்கிறது. கருவி கிடைத்துவிட்டால் காட்சி கிடைத்துவிடாது. கண் இருப்பது வேறு, காண்பது வேறு. குனிந்தவன் முகத்தைக் காண மனிதகுலம் எவ்வாறு கற்றுக்கொண்டது? கற்றுக்கொடுத்தவர் எவர்? அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உலகுக்கு ஒரு கொடை

தாகேருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. நியெப்ஸ் என்னும் பிரெஞ்சுக்காரர். 1826, 1827 ஆண்டுகளை ஒட்டி, தம் கிராமத்து வீட்டுச் சாளரத்திலிருந்து தெரிந்த கூரைகளை, நிலக்கீல் பூசிய உலோகத் தகட்டில் பதித்தவர். பல மணி நேரம் வெயில் காய்ந்த பிறகே படம் கிட்டியது. 1833இல் அவர் மறைந்தார். கூட்டாளியான தாகேர் ஆய்வைத் தொடர்ந்தார். 1839ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள், அராகோ என்ற அறிவியலறிஞர் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இக்கண்டுபிடிப்பை அறிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் செய்முறை முழுவதும் வெளியிடப்பட்டது. தாகேருக்கும் நியெப்சின் மகனுக்கும் பிரெஞ்சு அரசு ஆயுட்கால உதவித்தொகை வழங்கி, அந்தச் செய்முறையை உலகுக்குக் கொடையாக்கியது. இங்கிலாந்தில் மட்டும் தாகேர் காப்புரிமை வாங்கியிருந்தார்.

ஒளியைப் பிடித்து வைத்தான் மனிதன்! ஆண்டவர் அருளால் அன்று. அயோடினும் பாதரசமும் கலந்த ஆய்வால். எனினும் அஞ்சியோர் எங்கும் இருந்தனர். ‘படம் பிடித்தால் ஆயுள் குறையும்’ என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொன்னதுண்டு. என் பாட்டியும் சொன்னதுண்டு. காமிராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதும் உண்டு. படம் பெருகிற்று, பார் முழுதும் பரவிற்று. எவர் ஆயுளும் குறையவில்லை. அறியாமையின் ஆயுள்தான் சற்றுக் குறைந்தது.

குதிரை சொன்ன பாடம்

அறியாமை பாட்டிமாரிடம் மட்டுமா இருந்தது? பட்டம் பெற்றோரிடமும், பரிசு பெற்ற ஓவியரிடமும் இருந்தது. கேளுங்கள் ஒரு குதிரையின் கதையை.

பாய்ந்தோடும் குதிரையை ஐரோப்பிய ஓவியர்கள் எப்படித் தீட்டினர்? முன்னங்கால் இரண்டும் முன்னே நீண்டிருக்கும். பின்னங்கால் இரண்டும் பின்னே நீண்டிருக்கும். குதிரை காற்றில் மிதக்கும். ஜெரிக்கோ போன்ற பெரும் ஓவியரும் 1821இல் பந்தயக் குதிரைகளை அவ்வாறே வரைந்தார். மாளிகைச் சுவர்களில் தொங்கின அந்தப் படங்கள். நாள்தோறும் குதிரையைக் கண்ணால் கண்டோர், குதிரைமீதே ஏறிச் சென்றோர், அந்தப் படங்களைப் பார்த்து, ‘உயிர்ப்படம்!’ என்று பாராட்டினர்.

1878ஆம் ஆண்டு சூன் திங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், இரயில் பாதைச் செல்வர் ஸ்டான்போர்டின் குதிரைப் பண்ணை. மைபிரிட்ஜ் என்னும் நிழற்படக்காரர், ஓட்டப் பாதையின் ஓரத்தில் 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தினார். பாதையின் குறுக்கே நூல்கள். ஓடிவரும் குதிரை நூலை அறுக்கும். அறுந்த நூல் காமிராவின் கதவை இயக்கும். 12 நூல் அறுந்தது. 12 படம் பதிந்தது. பன்னெடுங்கால நம்பிக்கை ஒன்றும் உடன் அறுந்தது! குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் உண்டு, மெய்தான். ஆனால் அப்போது கால்கள் நீண்டிருக்கவில்லை. வயிற்றின் கீழே மடங்கிக் குவிந்திருந்தன!

சினந்தனர் சிலர், ‘படம் பொய்’ என்றனர். பிரெஞ்சு ஓவியர் மெசோனியே போன்றோர் உண்மைக்குப் பணிந்து, தம் தூரிகையைத் திருத்திக்கொண்டனர். எண்ணிப் பாருங்கள். முன்னோர் வரைந்தனர், பின்னோர் அதைப் பார்த்து வரைந்தனர், பார்வையாளர் அதைப் பார்த்துப் பழகினர். குதிரையைக் கேட்டவர் எவர்? கண்ணுக்கு முன்னே குதிரை ஓடியது. கருத்துக்குள்ளே பழைய ஓவியம் ஓடியது. வென்றது ஓவியம். மனம் கற்று வைத்திருப்பதையே கண் காண்கிறது.

குதிரைக் கால் விஷயத்தில் ஏமாந்த கண், மனிதர் விஷயத்தில் ஏமாறாதிருக்குமா?

சென்னைக்கு வந்த காமிரா

விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் மண்ணுக்கும் காமிரா விரைவிலேயே வந்தது. சென்னையில் 1856இலேயே நிழற்படக் கழகம் தோன்றிவிட்டது. அவ்வாண்டே லின்னேயஸ் ட்ரைப் என்னும் படைத்துறை அலுவலர் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1858இல் அவர் மதுரையையும் தஞ்சையையும் திருவரங்கத்தையும் புதுக்கோட்டையையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். அருஞ்செயல்; ஐயமில்லை. கோபுரமும் தூணும் கல்வெட்டும் அத்தனை அழகாய்ப் பதிந்தன. ஆனால் அந்தப் படங்களில் மனிதர் அரியர். அரசு விரும்பியது கட்டிடம். கருவி விரும்பியது அசையாமை. இரண்டுக்கும் கல் பொருந்தியது. கல் சுமந்தவர் வழிவந்தோர் பொருந்தவில்லை.

மனிதரைப் படமெடுக்கும் நாளும் வந்தது. கொடிய நாள் அது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டையும் தக்காணத்தையும் தாது வருடப் பஞ்சம் தின்றது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது மதிப்பீடு. ஊரில் உயிர் போய்க்கொண்டிருந்தது. துறைமுகத்தில் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று கணக்கெழுதியது வெள்ளை ஆட்சி.

அப்போது சென்னைக் குதிரைப்படை அலுவலர் ஹூப்பர் காமிராவோடு வந்தார். எலும்புக்கூடுகளாய் நின்ற ஆண்களை, பெண்களை, குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாக அமர வைத்தார், அசையாதிருக்கச் செய்தார், படமெடுத்தார். இன்றும் அந்தப் படங்களைப் பார்ப்பவர் நெஞ்சு நடுங்கும். விலா எலும்புகளை எண்ணிவிடலாம், அத்தனை தெளிவு! கடல் கடந்த அப்படங்கள் சிலர் உள்ளத்தை உருக்கியதும் உண்டு. ஆயினும் அவற்றில் அமர்ந்திருப்போர் எவர்? எந்த ஊரார்? என்ன தொழில் செய்தவர்? படம் முடிந்த பிறகு கஞ்சி கிடைத்ததா? பெயரில்லை, ஊரில்லை, பேச்சில்லை. பசியின் மாதிரிகளாக வைக்கப்பட்டனர், பூச்சிகளைப் பலகையில் குத்தி வைப்பதுபோல. இதே ஹூப்பர்தான் பின்னர் பர்மாவில், மண்டலேயில், மரண தண்டனைக்கு நிறுத்தப்பட்டவர்களைச் சுடும் நேரத்தில் படமெடுத்தார் என்று 1886இல் விசாரணைக்கும் கண்டனத்துக்கும் உள்ளானவர்.

பாரிஸ் படத்தில் குனிந்தவன் மங்கினான். சென்னைப் படத்தில் நலிந்தவன் தெளிவாகத் தெரிந்தான். ஆயினும் அவனையும் எவரும் அறிந்தாரில்லை. கருவி வளர்ந்துவிட்டது, கண் வளரவில்லை. காண்பவன் நிமிர்ந்தே நின்றான், குனிந்து கேட்கவில்லை. குனிந்து கேட்ட ஒருவரின் கதை இனி வருகிறது. அவர் நாடாண்டவர் அல்லர். நாலு காசு சம்பளம் வாங்கிய பள்ளி ஆசிரியர்.

ஆசிரியர் கையில் ஒரு பெட்டி

லூயிஸ் ஹைன், 1874இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். 1892இல் தந்தையை இழந்தார். தொழிற்கூடத்தில் கூலி வேலை செய்தார், கடையில் எடுபிடியாக உழைத்தார், உழைத்துக்கொண்டே படித்தார். 1901இல் நியூயார்க்கில் ஒரு பள்ளியில் இயற்கைப் பாடமும் பூகோளமும் கற்பிக்கும் ஆசிரியரானார். பள்ளித் தலைவர் அவரிடம் ஒரு காமிராவைக் கொடுத்து, ‘இதையும் பாடத்துக்குப் பயன்படுத்தும்’ என்ற பொருளில் பணித்தார். கையில் பெட்டி வந்தபோது ஹைனுக்கு வயது 30ஐ நெருங்கிவிட்டது, படமெடுக்கத் தெரியாது.

மாணவரை அழைத்துக்கொண்டு எல்லிஸ் தீவுக்குப் போனார். ஐரோப்பாவின் ஏழை எளியோர் ஆயிரக்கணக்கில் கப்பலிறங்கி, அமெரிக்கா நுழையக் காத்திருந்த வாயில் அது. ‘அழுக்கர், அந்நியர், அறிவிலிகள்’ என்று ஏடுகள் அவர்களை ஏசிய காலம். ஹைன் அவர்கள் முன் காமிராவை நிறுத்தினார். மொழி தெரியாது, சைகையால் கேட்டார். மெக்னீசியப் பொடியைத் தட்டில் வைத்துக் கொளுத்தினால் பளீரென ஒளியும் குபீரெனப் புகையும் எழும். ஒரு தடவை தவறினால் மறுமுறை வாய்ப்பில்லை. அந்தப் புகைக்கிடையே மூட்டை சுமந்த தாயும், தலைப்பாகை கட்டிய கிழவரும், மிரண்டு நின்ற மழலையும் மாண்போடு பதிந்தனர். ‘அந்நியர்’ என்ற சொல் மறைந்தது, ஆள் தெரிந்தார்.

நியூயார்க் சேரிகளை அவருக்கு முன்பே படமெடுத்தவர் உண்டு. டென்மார்க்கிலிருந்து குடியேறிய செய்தியாளர் ஜேக்கப் ரீஸ், 1890இல் தம் நூலால் மாளிகைவாசிகளை அதிரச் செய்தவர். ரீஸ் இருட்டறைக்குள் திடீரென ஒளியைப் பாய்ச்சினார்; திடுக்கிட்ட முகங்களே பதிந்தன. ஹைனோ முதலில் பேசினார், பிறகே ஒளியேற்றினார்.

1908இல் வேலையை விட்டார். தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு என்ற அமைப்பில் முழுநேர நிழற்படக்காரரானார். ஏன் விட்டார்? 1900ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் 10 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளில் 17 லட்சத்து 50 ஆயிரம் பேர் கூலிக்கு உழைத்தனர். 10 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் அக்கணக்கிலேயே இல்லை. கணக்கு அச்சாகியிருந்தது; கற்றோர் படித்துமிருந்தனர். பஞ்சாலைச் சங்கு ஊதும்போது பாலகர் வரிசையாய்ப் போவதை ஊரே கண்டது. கண்டும் காணவில்லை! குதிரையின் கால்களைக் காணாததுபோல.

காணாதிருக்கக் காரணங்களும் தயாராய் இருந்தன. ‘சோம்பித் திரிவதைவிட உழைப்பது நன்று’ என்றனர் முதலாளிகள். ‘விதவைத் தாய்க்கு மகன் சோறு போடுகிறான், அதைத் தடுக்கலாமா?’ என்றனர். ‘எங்கள் ஆலையில் 12 வயதுக்குக் கீழ் எவரும் இல்லை’ என்று அடித்துக் கூறினர். வாய்ச்சொல்லுக்கு மறுமொழி வாய்ச்சொல்லானால் வழக்கு முடியுமா? சான்று வேண்டும். சான்று தேடிப் புறப்பட்டார் ஆசிரியர்.

வாயிற்காவலர் விடுவாரா? தீயணைப்பு ஆய்வாளர் என்றார் ஓரிடத்தில். விவிலியம் விற்பவர் என்றார் வேறிடத்தில். இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவன் என்றார் மற்றோரிடத்தில். ‘இயந்திரத்தின் பெரிய அளவு விளங்க, பக்கத்தில் ஒரு பையன் நிற்கட்டுமே!’ என்பார், பையனும் நிற்பான். தம் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து வைத்திருந்தார். பிள்ளை அருகே வந்து நின்றால், எந்தப் பொத்தான்வரை எட்டுகிறது என்று பார்ப்பார், உயரம் தெரிந்துவிடும். சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்பேடு. பைக்குள்ளே கைவிட்டு, பார்க்காமலே பெயரையும் வயதையும் எழுதுவார். உள்ளே விடாத ஆலையின் வாசலில் விடியற்காலையும் இரவும் காத்திருந்து, வரும் பிள்ளைகளை நிறுத்திக் கேட்பார். ஐயம் எழுந்தால் வீட்டுக்கே போய், குடும்ப விவிலியத்தில் எழுதியிருக்கும் பிறந்த நாளைப் பார்ப்பார்.

1908 டிசம்பரில் வட கரோலினாவில் விட்னல் என்ற ஊரின் பஞ்சாலை. நீண்ட நூற்பு இயந்திரத்தின் அருகே ஒரு சிறுமி. உயரம் 51 அங்குலம். ஓராண்டாக வேலை, சில நாள் இரவிலும் வேலை, நாளொன்றுக்கு 48 சென்ட் கூலி. வயதென்ன என்று கேட்டார் ஹைன். தயங்கினாள். நினைவில்லை என்றாள். பிறகு நம்பிக்கை பிறந்ததும் மெல்லச் சொன்னாள்: வேலை செய்யும் வயது தனக்கு இன்னும் வரவில்லை, ஆனாலும் செய்கிறாள். இதையெல்லாம் படத்தோடு எழுதிவைத்தார் ஹைன். சென்னைப் பஞ்சப் படங்களில் இல்லாதது எது? இந்தக் குறிப்பு! இந்தக் கேள்வி! கேட்டபின் காதுகொடுத்து நின்ற அந்த ஒரு நிமிடம்!

1909இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில், வெறுங்காலோடு இயந்திரத்தின்மீதே ஏறி நின்று அறுந்த நூலை முடிச்சிடும் சிறுவர். எட்டாத உயரம், ஏறாமல் வழியில்லை. 1911இல் பென்சில்வேனியாவின் பிட்ஸ்டன் அருகே நிலக்கரிக் கூடம். சரிந்து ஓடும் கரியிலிருந்து கல்லைப் பொறுக்க, நாளெல்லாம் குனிந்தே அமர்ந்திருக்கும் சிறுவர் வரிசை. தலைமேல் தடியோடு ஒரு மேற்பார்வையாளர். கரித்தூள் கண்ணை மறைக்கும் அளவு கூடத்தை நிறைத்திருந்தது. அது நுரையீரலின் ஆழம்வரை புகுந்தது என்று எழுதினார் ஹைன். குனிந்த முதுகுகள், குனிந்த முதுகுகள்! பாரிஸ் வீதியில் மங்கிப்போனவனின் பிள்ளைகள் போலும்! இம்முறை மங்கவில்லை. சிலர் நிமிர்ந்து காமிராவை நேரே நோக்கினர். அந்தப் பார்வைக்குத் தப்ப எந்த அமெரிக்கனாலும் இயலவில்லை.

படமெடுத்த முறையையும் சொல்லவேண்டும். பெரியவர் நின்றபடி பார்த்தால் பிள்ளையின் உச்சந்தலை தெரியும். ஹைன் காமிராவைப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறக்கினார். இயந்திரம் பின்னே நீண்டு மங்கும். முகம் முன்னே தெளிந்து நிற்கும். குனிந்தவன் முகத்தைக் காண வேண்டுமானால், காண்பவன் குனிய வேண்டும். இந்த எளிய உண்மையைக் கண்டுபிடிக்க, காமிரா பிறந்து 70 ஆண்டாயிற்று!

படம் பொய் சொல்லாவிட்டாலும், பொய்யர் படமெடுக்கக்கூடும் என்று 1909இலேயே எச்சரித்தவரும் அவரே. ஆகவேதான் நாளும் ஊரும் அளவும் வயதும் குறித்தார். கணிப்பொறி இல்லாத முகத்தை இருப்பதுபோல் ஆக்கித் தரும் இந்நாளில், அந்த எச்சரிக்கை அன்றைவிட இன்று கூர்மையானது.

படத்திலிருந்து சட்டத்துக்கு

5,000க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. துண்டறிக்கைகளில் அச்சாயின, கண்காட்சிப் பலகைகளில் ஏறின, விளக்கொளியில் திரையில் விழுந்தன. 1912இல் அமெரிக்க அரசு குழந்தைகளுக்கெனத் தனித் துறை அமைத்தது. 1916இல் முதல் நாடளாவிய சட்டம் வந்தது. வெற்றி என்று கொட்டு முழங்கலாமா? பொறுங்கள்! 1918இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைத் தள்ளிற்று. வழக்குத் தொடுத்தவர் யார் தெரியுமா? ஒரு தந்தை! தம் மைந்தர் பஞ்சாலையில் உழைக்கும் உரிமையைச் சட்டம் பறிக்கிறது என்று அவர் பெயரால் வழக்கு! பின்னால் நின்றோர் ஆலை முதலாளிகள். 1919இல் வேறு வடிவில் சட்டம். 1922இல் அதுவும் தள்ளுபடி. 1924இல் அரசியல் சட்டத்தையே திருத்த முயன்றனர். போதிய மாநிலங்கள் ஒப்பவில்லை.

1938இல்தான் நியாயத் தொழிலாளர் தரச் சட்டம் பிறந்தது. பொதுவாக 16 வயதும், இடர்மிக்க தொழில்களுக்கு 18 வயதும் எல்லையாயின. 1941இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, தன் 1918ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தானே கைவிட்டது. ஹைன் அந்தக் குழுவுக்காக முழுநேரம் படமெடுக்கத் தொடங்கிய ஆண்டிலிருந்து சட்டம் பிறக்க 30 ஆண்டு. படம் ஒன்றே சட்டம் கொணர்ந்தது என்று சொல்லுதல் மிகை. தொழிற்சங்கம் போராடியது, பெண்கள் அமைப்புகள் போராடின, பொருளாதார வீழ்ச்சியில் வேலையின்றித் தவித்த பெரியவர்களும் குரல் கொடுத்தனர். ஆயினும், ‘எங்கே இருக்கிறது கொடுமை?’ என்று கேட்க முடியாதபடி வாயடைத்தது அந்தப் பெட்டி.

அந்தப் பெட்டிக்குரியவர் என்ன ஆனார்? 1930, 1931இல் எம்பயர் ஸ்டேட் மாளிகை எழும்பியபோது, வானளாவிய இரும்புச் சட்டத்தில் நின்று, அதைக் கட்டிய தொழிலாளரைப் படமெடுத்தார். மாளிகை எவர் பணத்தால் எழுந்தது என்பதை ஏடுகள் எழுதின. எவர் கையால் எழுந்தது என்பதை ஹைன் காட்டினார். பிறகு வேலை தருவாரில்லை. பழைய பாணிக்காரர் என்று ஒதுக்கினர். வீடு கடனில் போயிற்று. 1940 நவம்பர் 3ஆம் நாள், வறியவராய் மறைந்தார். அவர் படங்களை ஏற்க நியூயார்க்கின் புகழ்மிக்க நவீனக் கலை அருங்காட்சியகமும் முன்வரவில்லை; வேறோர் அருங்காட்சியகமே பிற்காலத்தில் பாதுகாத்தது. தாம் படமெடுத்த பிள்ளைகளுக்குச் சட்டம் வந்ததைக் கண்ணால் கண்டார். அந்த ஒரு நிறைவு அவருக்குக் கிட்டியது.

என் வகுப்பறையில்

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்போருக்கு ஒன்று சொல்வேன்.

விசைத்தறி இரவும் பகலும் ஒலிக்கும் ஊரில் நான் பாடம் நடத்துகிறேன். ஏழாம் வகுப்பு. கடைசி வரிசையில் ஒரு பையன். முற்பகலிலேயே தூங்கி வழிவான். சோம்பேறி என்று எண்ணினேன். பலமுறை எழுப்பி நிற்க வைத்தேன். ஒருமுறை, மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்படி ஏசியும் விட்டேன். ஆண்டு விழாவுக்காக வகுப்பைக் கைப்பேசியில் படமெடுத்தேன். அன்றிரவு, ஹைனின் படங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவன், ஏதோ நினைவில் அந்த வகுப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பையனின் தலைமுடியில் வெண்மையாய்ப் பஞ்சு. கைவிரல்களில் நூல் அறுத்த கோடுகள். நாள்தோறும் என் கண் முன்னே இருந்த விரல்கள்! ஓராண்டாய் நான் காணாத விரல்கள்!

மறுநாள் நிற்க வைக்கவில்லை, அவன் பக்கத்தில் போய் அமர்ந்தேன், கேட்டேன். தந்தை தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அடைக்க முடியவில்லை. இரவு பதினொரு மணிவரை பையன் தார் சுற்றுகிறான். காலையில் பள்ளிக்கு வருகிறான். ‘வீட்டு வேலைக்குத்தான் ஒத்தாசை’ என்று எவர் கேட்டாலும் சொல்லச் சொல்லியிருந்தார்கள். விட்னல் ஆலைச் சிறுமிக்கும் அவனுக்கும் நடுவே நூறாண்டும் இரு பெருங்கடலும் இருக்கின்றன. தயக்கம் மட்டும் ஒன்றே.

நம் நாட்டில் சட்டம் இல்லையா? உண்டு. 1938இலேயே, அமெரிக்கச் சட்டம் வந்த அதே ஆண்டில், குழந்தைகளை வேலைக்கமர்த்துவது பற்றிய சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக்கூடாதென்கிறது. ஆயினும் பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலுக்குத் துணைபுரியலாம் என்று ஒரு சாளரத்தைத் திறந்தும் வைத்திருக்கிறது. அந்தச் சாளரத்தின் வழியே எத்தனை தார்க்குச்சிகள் உள்ளே போகின்றனவோ, யார் எண்ணினார்?

அவன் படத்தை நான் எங்கும் வெளியிடவில்லை. அவன் முகம் அவனுடையது. ஊர் முன் நிறுத்த எனக்கு உரிமையில்லை. குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணை அழைத்தேன், தலைமையாசிரியரும் நானும் அவன் வீட்டுக்கு நடந்தோம், அலுவலகத்துக்கு நடந்தோம். இப்போது அவன் இரவில் உறங்குகிறான். முன்பணம் இன்னும் அடையவில்லை. அவன் விட்ட இடத்தில், அந்தத் தறிக்கூடத்தில் வேறொரு பிள்ளை அமர்ந்திருக்கவில்லை என்று உறுதி கூற என்னால் இயலாது. வகுப்பின் முன்னே அவனை ஏசிய நாளை நினைத்தால் இன்றும் நாணுகிறேன். ஏசிய அத்தனை பேர் முன்னிலையிலேயே, அவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

தோழர்களே! தாகேரின் பெட்டிக்குப் பல நிமிடம் வேண்டியிருந்தது. நம் கைப்பேசிக்குக் கண்ணிமைப்பொழுது போதும். அன்று கனவான் மட்டும் பதிந்தார். இன்று பதியாதவர் இல்லை. இருந்தும், நம் படங்களில் நிறைந்திருப்பது நம் முகமே அல்லவா? அந்தப் பெட்டியை ஒருமுறை அப்பால் திருப்புங்கள். உணவகத்தில் மேசை துடைக்கும் கையை, செங்கற்சூளையில் மண் மிதிக்கும் காலை, வகுப்பின் கடைசி வரிசையில் கவிழும் தலையைப் பாருங்கள். படமெடுக்குமுன் பெயரைக் கேளுங்கள். கேட்குமுன் அவர்கள் உயரத்துக்கு இறங்குங்கள். அறிந்ததைச் சரிபாருங்கள், சரிபார்த்ததை, திருத்தும் பொறுப்புடையோர் முன் கொண்டு சென்று நிறுத்துங்கள்.

பாரிஸ் வீதியில் குனிந்திருந்தவன் பெயரை வரலாறு எழுதிவைக்கவில்லை. என் வகுப்பில் குனிந்திருந்தவன் பெயர் எனக்குத் தெரியும்; வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் நானே அழைக்கும் பெயர்தான் அது. அழைத்தேன் ஓராண்டு; கண்டது ஒரு நாள். உங்கள் தெருவில், நீங்கள் அழைத்தும் காணாதிருக்கும் பெயர் எது?